கும்பகோணத்தில் ஒரு காகிதக் கடை: தபாலில் போகும் வாழ்த்து அட்டைகளுக்கு

வீட்டில் கையால் வாழ்த்து அட்டை செய்கிறவர்கள் சாமான் வாங்க எங்கே போவது என்று என்னைக் கேட்டால், கும்பகோணம் பெரிய தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கும் பழைய காகிதக் கடையைத்தான் சொல்வேன். பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார். இருக்கிற கூட்டத்துக்கே ஆள் போதவில்லையாம். அதனால் பெயர் எழுதவில்லை. பெரிய தெருவில் யாரிடமாவது "அட்டை வெட்டிக் கொடுக்கிற கடை எது?" என்று கேளுங்கள், கை காட்டுவார்கள்.

நான் அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், ஊர் பாபநாசம். அட்டை செய்கிற சாமானை நான் பார்க்கும் விதம் கொஞ்சம் வேறு. அழகாக இருக்கிறதா என்பதோடு, தபாலில் போட்டால் முழுசாகப் போய்ச் சேருமா என்றும் பார்ப்பேன். அந்தக் காலத்தில் தை பிறப்பதற்கு முந்தைய வாரம் எங்கள் மேசையில் பொங்கல் வாழ்த்துகள் மலையாகக் குவியும். எம்.ஜி.ஆர். படம், முருகன் படம், கரும்பும் பானையும், ஏர் கலப்பை. பாதிப்பேர் உறையை ஒட்டாமல் நாக்கை உள்ளே செருகி, மேலே 'புக் போஸ்ட்' (ஒட்டாமல் குறைந்த கட்டணத்தில் அனுப்புகிற தபால்) என்று எழுதியிருப்பார்கள். அச்சடித்த அட்டைகள் எப்படியும் தப்பித்துவிடும். கையால் செய்து அனுப்பியவைதான் பாவம். ஜிகினா உதிர்ந்து மேசையெல்லாம் மினுங்கும். ஒட்டிய கல் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். யாரோ ராத்திரி கண் விழித்துச் செய்தது அப்படிக் கிழிந்து கிடப்பதைப் பார்க்க மனசு கேட்காது. கையால் செய்த அட்டை ஊர் போய்ச் சேரும்படி இருக்க வேண்டும் என்பது அன்றைக்கு என் மனசில் விழுந்தது. இந்தக் கடையை எனக்குப் பிடித்ததற்குக் காரணமும் அதுவே.

கடையின் முன்பக்கம் நோட்டும் பேனாவும் விற்கிற சாதாரணப் பள்ளிக்கூடக் கடைதான். அங்கேயே நின்று திரும்பிவிடக் கூடாது. உள்ளே இரண்டாவது கட்டுக்குள், சுவர் முழுக்க மரத்தட்டுகளில் தாள்களைப் படுக்கைவாட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சுருட்டி நிறுத்தி வைக்கும் பழக்கம் இங்கே இல்லை. ஒரு தடவை சுருட்டிய அட்டையை நிமிர்த்துவதற்குள் நம் உயிர் போய்விடும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு துண்டுத் தாள் தொங்கும். அதைத் தடவிப் பார்க்கலாம், மடித்துப் பார்க்கலாம், பேனாவால் கிறுக்கியும் பார்க்கலாம். ஒரே ஒரு தாள் கேட்டாலும் முகம் சுளிக்காமல் எடுத்துத் தருவார்கள். டஜன் கணக்கில் வாங்கினால்தான் ஆயிற்று என்கிற கடைகளில் அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எந்த அட்டை வாங்குவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் காசை வீணாக்குவது இங்கேதான். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஜெராக்ஸ் தாள் 70, 75 இருக்கும். வாழ்த்து அட்டைக்கு 250, 300 என்று கேட்டு வாங்குவோம். கெட்டியாக இருந்தால் நல்லது என்று எல்லோரும் 300 கேட்கிறார்கள். நான் 250தான் வாங்குவேன், கணக்கு இப்படி.

கடையில் அட்டை 22 அங்குலத்துக்கு 28 அங்குலம். அதை 11க்கு 7 என்று வெட்டினால் துளி வீணாகாமல் 8 துண்டு வரும். நடுவில் மடித்தால் ஐந்தரைக்கு ஏழு அங்குல அட்டை, கைக்கு அடக்கமான அளவு. 300 ஜி.எஸ்.எம். என்றால் அந்தத் துண்டு ஒன்றே கிட்டத்தட்ட 15 கிராம். 250 என்றால் பன்னிரண்டரை. உறையை நான் லீகல் சைஸ் தாளில் வீட்டிலேயே மடித்துவிடுவேன், அது ஐந்தரை கிராம் வரும். சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய் தபால் தலை. 300 ஜி.எஸ்.எம். அட்டை, ஒரு பூ கூட ஒட்டுவதற்கு முன்னாலேயே 20ஐத் தாண்டிவிடுகிறது, 10 ரூபாய் தலை ஒட்ட வேண்டும். 250 என்றால் இன்னும் இரண்டு கிராம் கையில் இருக்கிறது. தெரியாமல் 5 ரூபாய் தலையோடு போட்டுவிட்டால், குறைகிற தொகையைப் போல இரண்டு மடங்கை வாங்குகிறவரிடம் கேட்பார்கள். வாழ்த்து அனுப்பிவிட்டு அவர்கள் கையிலிருந்து காசு வாங்க வைப்பது நன்றாகவா இருக்கும்?

இந்தக் கணக்கை நான் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. தராசை எடுத்து வைத்து நிறுத்துப் பார்த்தார். அதற்கப்புறம் யாராவது வாழ்த்து அட்டைக்கு என்று கேட்டு வந்தால், "தபால்லயா, கையிலயா?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டுக்குப் போகிறார். எனக்கு அந்த மனிதர்மேல் மதிப்பு வந்ததும் அன்றைக்குத்தான்.

அட்டையை வெட்டுவதற்குப் பின்கட்டில் கைப்பிடி வைத்த பெரிய வெட்டுப் பலகை இருக்கிறது. தாள் வாங்கினால் வெட்டுக்கூலி தனியாக இல்லை. வெட்டுவதற்கு முன்னால் அவர் செய்கிற ஒரு வேலையை நின்று பாருங்கள். அட்டையை இரண்டு கையிலும் பிடித்து நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை லேசாக வளைப்பார். மெஷினில் செய்த தாளுக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு நேராக விழும், குறுக்கே மடித்தால் மடிப்பில் வெடிப்பு விட்டு வெள்ளை வெள்ளையாகப் பல் இளிக்கும். இந்த அளவுத் தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில்தான் ஓடுகிறது. 11க்கு 7 என்று வெட்டினால் மடிப்பும் அதே திசையில் அமைந்துவிடும்.

"அக்கா, இந்தத் தடவை வந்த நீலம் குறுக்கே ஓடுது. ஏழுக்குப் பதினொண்ணு வேணாம், மாத்தி வெட்டித் தரவா?" என்று அவராகவே கேட்டார் ஒருமுறை. மாற்றி வெட்டினால் இரண்டு துண்டு குறையும் என்றும் சொல்லிவிட்டார். மடிக்கும் இடத்தில் முதலில் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்தி ஒரு கோடு இழுத்துக்கொண்டால் போதும், இதற்கென்று விற்கிற கருவி எதுவும் தேவையில்லை. கேட்டால் கடையிலேயே தீர்ந்த பேனா ஒன்று சும்மா கொடுப்பார்.

கைக்காகிதமும் வைத்திருக்கிறார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959 முதல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து காகிதம் செய்கிறார்கள். அந்த மாதிரித் தாள்கள், பூவிதழ் பதித்தவை, வைக்கோல் கலந்தவை என்று பல தினுசு. ஓரம் பிசிராக இருக்கும், அதை வெட்டாமல் அப்படியே விட்டால்தான் அழகு. விலை சாதாரண அட்டையைப் போலப் பல மடங்கு. முழு அட்டையையும் இதில் செய்ய வேண்டியதில்லை. ஒரு தாள் வாங்கிக் கையாலேயே கிழித்து (கத்தரி வேண்டாம், ஈரத் தூரிகையால் கோடு இழுத்துவிட்டுக் கிழித்தால் பிசிர் வரும்) சிறு சிறு சதுரமாக ஒட்டினால் முப்பது நாற்பது அட்டைக்கு வரும். சில தாள்களில் பேனா மை ஊறிப் பரவும். எழுதப்போகிறீர்கள் என்றால் தொங்குகிற துண்டில் எழுதிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

காகிதம் நம் டெல்டாவுக்குப் புதிதும் இல்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்குவும் அவரோடு இருந்தவர்களும் தமிழில் அச்சடிக்க ஆரம்பித்து, காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையே போட்டார்கள். பொறையாறுப் பக்கம் கொஞ்ச காலம் வேலை பார்த்தபோது, 'கடுதாசிப்பட்டறை' என்று முகவரி எழுதிய கடிதங்கள் என் கையால் போயிருக்கின்றன. பேத்தியிடம் இதைச் சொன்னதிலிருந்து அவள் செய்கிற அட்டையின் பின்பக்கம் 'கடுதாசிப்பட்டறை, பாபநாசம் கிளை' என்று எழுதுகிறாள்.

சரி, இந்தக் கடையின் உண்மையான சொத்துக்கு வருகிறேன். நெட்டி.

குளத்திலும் ஏரியிலும் தண்ணீருக்குள் வளர்கிற செடியின் தண்டு அது. மேலே பழுப்புத் தோல், சீவினால் உள்ளே தும்பைப்பூ வெள்ளை. தஞ்சாவூரில் இதில் பெரிய கோயிலைச் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளுக்குக் கட்டுகிற நெட்டி மாலை ஆடுதுறைக்குப் பக்கம் நரசிங்கம்பேட்டையில் செய்வது. தண்டைச் சீவி, துண்டு போட்டு, சாயத்தில் முக்கிக் காயவைத்துத் தாழை நாரில் கோப்பார்கள். நம் கடைக்காரர் மாலை செய்கிற குடும்பங்களிடமிருந்து சாயம் போடாத தண்டுகளைக் கொஞ்சமாக வாங்கி வைக்கிறார். கார்த்திகை கடைசியிலிருந்து தை வரைக்கும் கிடைக்கும், மற்ற மாதங்களில் இருந்தால் அதிர்ஷ்டம்.

எனக்கு நெட்டி இவ்வளவு பிடிப்பதற்கு முதல் காரணம், அதற்கு எடையே இல்லை. முன்னே சொன்ன இரண்டு கிராமுக்குள் ஒரு பூங்கொத்தையே அடக்கிவிடலாம். குந்தன் கல்லிலோ மணியிலோ அது நடக்காது. இரண்டாவது, அழுத்தினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கல் உறையைக் கிழிக்கும், நெட்டி பையில் அமுங்கி வந்தாலும் உறை பிழைக்கும்.

வெட்டுவதற்குப் புது பிளேடு வேண்டும். மழுங்கிய பிளேடு பட்டால் ரொட்டித்தூள் மாதிரி உதிரும். முன்னும் பின்னும் அறுக்காமல் ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும், தாளைப் போல மெல்லிய வில்லை வரும். அந்த வில்லையை ஈரத்துணிக்குள் சில நிமிடம் வைத்து எடுத்தால் ஒடியாமல் வளையும். விரல் நுனியில் வைத்துக் கட்டைவிரலால் குழித்தால் இதழ். இதழ்களை நடுவில் சேர்த்து, மஞ்சள் சாயத்தில் தொட்ட நூல் முடிச்சு ஒன்றை வைத்தால் பூ. பேத்தி இதைவிட நன்றாக ஒன்று கண்டுபிடித்தாள். குச்சி அளவுத் தண்டை வட்ட வட்டமாகச் சீவி, பச்சை, ரோஜா, மஞ்சள் என்று சாயத்தில் போட்டு, தையல் நூலில் கோத்து, மாட்டுக்குப் போடுகிற அதே மாலையை விரல் நீளத்துக்குச் செய்தாள். அட்டையில் கறுப்புத் தாளில் வெட்டிய காளை, கழுத்தில் நிஜ நெட்டி மாலை. "அம்மாச்சி, இது தபால்ல போகுமா?" என்று அவள் கேட்ட அட்டை திருவாரூர், நாகப்பட்டினம், சென்னை என்று எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. போன வருஷப் பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து போனது முழுக்க அதே காளைதான்.

எங்கே ஒட்டுவது என்பதும் முக்கியம். உறையின் வலது மேல் மூலையில் தலை, அதன்மேல் தேதி முத்திரை ஓங்கி விழும். அப்புறம் கட்டுக் கட்டும்போது நூல் நடுவில் இறுகும். ஆகவே மேட்டு வேலை எதுவாக இருந்தாலும் இடது கீழ்ப் பாதியில் வரும்படி அமைத்துக்கொண்டு, அட்டையின் முகம் உறையின் பின்பக்கம் பார்க்கும்படி திருப்பிச் செருகுங்கள். முகத்தைத் திருப்பினால் இடம் வலம் மாறும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். செருகிப் பார்த்துவிட்டு ஒட்டுவது நல்லது.

பசை விஷயத்தில் பருவத்தைப் பார்க்க வேண்டும். நாம் அட்டை செய்கிற தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் எல்லாம் வடகிழக்குப் பருவமழையிலோ அதன் ஈரத்திலோதான் வருகின்றன. தண்ணீர் கலந்த பசை எதுவானாலும் அட்டை படகு போல வளைந்துவிடும். பெரிய தாளை ஒட்ட இரட்டைப் பக்க டேப், நெட்டிக்கும் சின்ன வேலைக்கும் ஃபெவிகாலைப் பல்குத்தும் குச்சியால் பொட்டுப் பொட்டாக வைப்பது, ஒட்டியபின் ராத்திரி முழுக்கக் கனமான புத்தகத்துக்கு அடியில் வைப்பது. இவ்வளவு செய்தால் போதும். மீந்த தாள்களைச் சேர்த்து வைக்கிறவர்கள் வசம்புத் துண்டோடு வையுங்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்குப் பூச்சி வராமலிருக்க வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை எல்லாம் இடித்துக் கற்பூரத்தோடு பொட்டலமாக வைப்பார்கள். வீட்டுப் பெட்டிக்கு வசம்பும் கிராம்புமே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

மற்ற சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குவில்லிங் தாள், லேஸ், சம்கி, ஃபோம் ஷீட் எல்லாம் வேறு கடைகளிலும் இதே தரத்தில், இதே விலையில் கிடைக்கும். இங்கே இருக்கிற தங்க ஜிகினாத் தாள் தேய்த்தால் கையோடு வருகிறது, வாங்காதீர்கள். சிவப்புக் கிரேப் தாள் ஈரம் பட்டால் சாயம் விடும், வெள்ளை அட்டை பக்கத்தில் வைக்கவே கூடாது.

இணையத்தில் 'கார்டு மேக்கிங் கிட்' என்று வருகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். மகள் ஒன்று வரவழைத்துக் கொடுத்தாள். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. வெட்டிய துண்டுகள், ஒட்ட வேண்டிய இடத்துக்குப் புள்ளி, ஆங்கில வாழ்த்து ஸ்டிக்கர்கள். சின்னக் குழந்தைக்கு ஒரு மத்தியானம் நன்றாகப் போகும். ஆனால் செய்து முடித்ததும் நம் வீட்டு அட்டையும் அடுத்த வீட்டு அட்டையும் ஒன்றாகவே இருக்கும். பெறுகிறவர் கையில் எடுத்ததும் 'இது அவள் செய்தது' என்று தெரிய வேண்டாமா? தமிழில் ஒரு எழுத்தும் அதில் இல்லை. நம் கடைக்காரர் தமிழில் பொங்கல், தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுக்கு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருக்கிறார். எழுத்து தெளிவாக விழுகிறது. ஊதா மை மட்டும் வேண்டாம், காய நேரமாகும். கறுப்பு எடுங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பில் கிடையாது, வாய்க்கணக்குதான். கணக்கு சரியாக இருக்கிறது, ஆனாலும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் நல்லது. ஆயத்த உறைகள் மெல்லிசு, அதிலும் அடர் சிவப்பும் அடர் நீலமும்தான் அதிகம். அதன்மேல் எழுதிய முகவரி தபால்காரர் கண்ணுக்குத் தெரியாது. கைக்காகிதம் மாடியில் இருக்கிறது, மாடிப்படி செங்குத்து. முழங்கால் வலி இருக்கிறவர்கள் கீழேயே உட்கார்ந்து கேட்டால் எடுத்து வந்து காட்டுவார்கள், தயங்க வேண்டாம். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் போகவே போகாதீர்கள், பின்கட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். மதியம் ஒன்றரைக்குச் சாத்தி நாலு மணிக்குத் திறக்கிறார்கள். நிதானமாகத் தாளைத் தடவிப் பார்க்கக் காலை பத்து மணி வாக்கில் போவது உத்தமம்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற குறை ஒன்று இருக்கிறது. நட்சத்திரம் செய்கிற தாளும் குச்சியும், பச்சை சிவப்பு அட்டைகளும் டிசம்பர் பாதியில்தான் வந்து இறங்குகின்றன. வேளாங்கண்ணியிலும் தரங்கம்பாடியிலும் தெரிந்தவர்கள் இருக்கிற எங்களைப் போன்றவர்கள் அதற்கப்புறம் வாங்கி, செய்து, காயவைத்து, தபாலில் போட்டால் 25ஆம் தேதிக்குள் போய்ச் சேருமா என்பது சந்தேகம். பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை விடுவதும் அந்தச் சமயத்தில்தான் என்பதால் கடைக்கு வியாபாரம் ஆகிவிடுகிறது, சரிதான். ஆனால் வாழ்த்து அனுப்புகிறவர்களுக்கு நவம்பர் கடைசியிலேயே வேண்டும். கடைக்காரத் தம்பியிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டுப் போகிறவர்களும் ஒரு வார்த்தை கேளுங்கள், நாலு பேர் கேட்டால் இந்த வருஷம் முன்கூட்டியே இறக்கிவிடுவார். பொங்கலுக்கு நெட்டி வேண்டுமென்றால் டிசம்பரிலேயே வாங்கி, செய்த அட்டையை ஜனவரி 8ஆம் தேதிக்குள் பெட்டியில் போட்டுவிடுங்கள்.